வண்டியை ஓட்டப்போகிறவர் எப்போது தூங்கினார்?

சில ஆண்டுகளுக்கு முன், நிமோனியாவிலிருந்து மீண்ட முதியவர் ஒருவரை இரவு ஒன்பது மணிக்கு வீட்டிற்கு அனுப்பினேன். மாத்திரைகள், உணவு, மறுபரிசோதனை நாள் அனைத்தையும் விளக்கினேன். காரை ஓட்டப்போகும் மகன், நான்கு இரவுகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாற்காலியிலேயே கழித்தவர். அதை அறிந்திருந்தும் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன், நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் கார் மோதியது. தந்தைக்குச் சிராய்ப்புகள், மகனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. “கண்ணை மூடியதே தெரியவில்லை, டாக்டர்” என்றார் பின்னர்.

அவர் சொன்னது உண்மை. தூக்கம் பல நாள் குறையும்போது, மூளை நம்மைக் கேளாமலே சில விநாடிகள் உறங்கிவிடுகிறது. கண்கள் திறந்திருக்கும்போதுகூட இது நிகழலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். நான்கு விநாடி உறங்கினால், ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றே பொருள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டுச் சட்டத்தின் வரம்போ 0.03 சதவீதம்தான்.

கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிடங்களுக்கே உதவும். கொட்டாவி தொடர்ந்தாலோ, கடந்து வந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லையென்றாலோ, வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்திலோ உணவகத்திலோ நிறுத்துங்கள், சாலையோரத்தில் வேண்டாம். காபி அருந்தியவுடன் 20 நிமிடம் கண்ணயருங்கள். விழிக்கும் வேளையில் காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆனால் இது அருகிலுள்ள தங்குமிடம் வரை செல்வதற்கான உதவி மட்டுமே. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில மாத்திரைகள் தூக்கத்தை மிகுவிக்கும் என்பதையும் மறவாதீர்கள். ஓட்டுபவருக்கு உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் எங்களிடம் கூறுங்கள். அது பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படும்.

காப்பீட்டு ஒப்புதல் வந்து கணக்கு முடிவதற்குள் இரவாகிவிடுவதை அறிவேன். அதில் எங்கள் தரப்புத் தாமதமும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால், காலையில் புறப்படலாமா என்று வார்டு செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். இயலாதெனில், நன்கு தூங்கிய உறவினர் ஒருவரை வரவழையுங்கள். வாடகை ஓட்டுநரை அமர்த்தினால், அவர் எப்போது தூங்கினார் என்று விசாரிப்பதில் தவறில்லை.

இப்போதெல்லாம் கையெழுத்திடும் முன் அந்தக் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். அவர்களைக் காலையில் போகச் சொல்கிறேன்.