கல் காலியாகக் கிடக்காது

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன். வீடுகளிலும் ஆபீஸ்களிலும் கடல்மீன் தொட்டி அமைத்துக் கொடுத்து, மாதாமாதம் போய்ப் பராமரிப்பதும் என் வேலை. புதுத் தொட்டி வைத்து இரண்டு மூன்று வாரம் ஆனதும், அநேகமாக எல்லா வாடிக்கையாளரிடமிருந்தும் போட்டோவோடு ஒரு வாட்ஸ்அப் வரும்: “அண்ணே, கல்லு மேல என்னமோ பிடிச்சிருக்கு. என்ன மருந்து ஊத்தணும்?”

மருந்து அப்புறம். வந்திருப்பது யார் என்று முதலில் தெரியணும். ஒன்றை ஒழிக்கச் செய்யும் வேலை இன்னொன்றுக்குத் தீனி போட்டதாகிவிடும்.

புதுக் கல்லின் கதை

கடல்மீன் தொட்டியில் கல் அலங்காரத்துக்கு மட்டும் வைப்பதல்ல. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் நுண்துளைகளில்தான் வாழ்கின்றன. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிரோட்டமுள்ள கடல் கற்களையும் காற்றுக் குமிழிகளையும் வைத்தே தொட்டியை நடத்தும் தன் முறையை 1961-ல் எழுதினார். ‘லைவ் ராக்’ வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

நமக்கு அந்த வழி கிடையாது. அந்தக் கடல் கற்கள் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுகள்தான். 2001-லேயே கல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. “ராமேஸ்வரம் போறேன், நாலு கல்லு எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: “சார், புலித்தோலும் அதுவும் ஒரே அட்டவணை. தொடாதீங்க.”

ஆகவே நாம் காய்ந்த கல்லில்தான் தொடங்குகிறோம். அதில் பாக்டீரியா குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அது ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டி. முந்தி ஏறியவருக்கு இடம். வெளிச்சம், வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர், சத்து மூன்றும் இருக்கும் இடத்தில் எந்தக் கல்லும் காலியாகக் கிடக்காது. நம்மால் முடிவது, யார் தங்குவது என்பதைத் தீர்மானிப்பதுதான்.

பழுப்புத் தூள்

முதலில் வருவது பெரும்பாலும் டயட்டம். கல்லிலும் மணலிலும் பழுப்புத் தூள் தூவினாற்போல் இருக்கும். விரலால் தடவினால் வந்துவிடும். டயட்டம் தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்ளும் நுண்பாசி. தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிகேட் தீரும்போது தானாகவே குறைந்துவிடும். எதுவும் ஊற்ற வேண்டாம்.

மாதக்கணக்கில் போகவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். மெட்ரோ வாட்டரோ போர் தண்ணீரோ கூடாது. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ.வும் போதாது, ருசிக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும்படிதான் பல ஆர்.ஓ.க்களை அமைத்திருப்பார்கள். ஆர்.ஓ.வுக்கு அடுத்து டி.ஐ. ரெசின் வழியாகவும் வந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும்.

பச்சை முடி

அடுத்து வருவது முடிப்பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் இதன் சாப்பாடு. இரண்டும் முக்கியமாக நாம் போடும் தீவனத்திலிருந்து வருகின்றன. காய்ந்த கல் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டையும் மெல்ல மெல்லக் கசியவிடும். “டெஸ்ட் கிட்ல பாஸ்பேட் ஜீரோதான் காட்டுது, அப்புறம் எப்படிண்ணே பாசி?” என்பார்கள். தண்ணீரில் இருக்க வேண்டியதைப் பாசி தின்றுவிட்டது. மிச்சம்தான் கிட்டில் தெரிகிறது.

இதற்குக் கைவேலையே சிறந்தது. வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, கல்லை அதில் வைத்து, கையால் பிடுங்கிவிட்டு டூத்பிரஷால் தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துணுக்குகள் பரவி வேறிடத்தில் முளைக்கும். பிடுங்கிய பாசியோடு அது தின்ற சத்தும் வெளியே போய்விடுகிறது என்பதுதான் இதில் லாபம். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஜன்னல் வெயிலும் படக்கூடாது.

மிச்சத்தை நத்தைகளிடம் விடுங்கள். மேய்கிறவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலே காட்டியிருக்கிறது. ஜமைக்காவின் பவளத்திட்டுகளில் பாசி மேயும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-ல் பெரும்புயல் அடித்தது. 1983-ல் கரீபியன் கடல் முழுக்க நீள்முள் கடல் முள்ளெலிகள் நோய் தாக்கி மடிந்தன. 1970-களின் இறுதியில் கடலடியில் பாதிக்குமேல் பரவியிருந்த பவளம், 1990-களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. தொட்டிக்கு நான் டுரோக்கஸ் நத்தையைச் சொல்வேன். கவிழ்ந்து விழுந்தாலும் தானே புரண்டு எழும். ஆனால் மொத்தமாக வாங்கிப் போடாதீர்கள். பாசி தீர்ந்ததும் பட்டினியால் செத்து, அவையே கழிவாகிவிடும்.

சிவப்புப் படலமும் பழுப்புச் சளியும்

செந்நிறத்தில் போர்வையாக மூடி, உரித்தால் ஏடு ஏடாக வருவது சயனோபாக்டீரியா. ஒளிச்சேர்க்கை செய்தாலும் இது பாக்டீரியா இனம். நீரோட்டம் குறைந்து குப்பை தேங்கும் மூலைகளில்தான் பெரும்பாலும் பிடிக்கும். மெல்லிய டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் தரும் வேவ்மேக்கரை அந்த மூலைக்குத் திருப்புங்கள். ஆன்டிபயாடிக் ஊற்றினால் சீக்கிரம் போகும்தான். ஆனால் புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியாக்களே இன்னும் வேரூன்றவில்லை. அவற்றுக்கும் அடி விழலாம் என்பதால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் டைனோஃபிளாஜலேட்டிடம்தான். பழுப்புச் சளி இழை இழையாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி நிற்கும். காலையில் குறைந்திருக்கும், மதியத்துக்குள் மறுபடி படர்ந்துவிடும். சில வகைகள் விஷமுள்ளவை. மேய்ந்த நத்தைகள் செத்துவிழும். டயட்டம் என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்துக் குலுக்கி, காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரை வெளிச்சத்தில் வையுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி இழையாகத் திரண்டால் டைனோதான்.

இது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டிகளில் வருகிறது. முடிப்பாசிக்குப் பயந்து பாஸ்பேட் ரிமூவரைக் கொட்டி, மீனுக்குத் தீனியையும் குறைத்தவர் வீட்டில்தான் பார்க்கிறேன். போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாத கல்லில் இது பரவுகிறது. ஆகவே வைத்தியமும் தலைகீழ்: ரிமூவரை நிறுத்தி, தீனியைக் கூட்டி, நைட்ரேட்டை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இரவில் கல்லை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் வகைகளுக்கு யு.வி. விளக்கும் உதவும்.

குமிழியும் அனிமோனும்

பச்சை முத்துபோல ஒட்டியிருப்பது வலோனியா. ஒரு முத்து முழுக்க ஒரே செல். உடைக்காமல் அடியோடு திருகி எடுங்கள். சின்னப் பனைமரம்போல நிற்கும் பழுப்பு அனிமோன் எய்ப்டேசியா. இதைச் சுரண்டவே கூடாது. விட்டுப்போன துணுக்கிலிருந்தும் புதிதாக வளரும். பெப்பர்மின்ட் இறால் தின்னும்.

தங்க வேண்டியவர்

கல்லுக்கு இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நிறம் தரும் கோரலைன் பாசிதான் நமக்கு வேண்டியது. சுண்ணாம்பால் உடம்பு கட்டும் பாசி என்பதால் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில், ஆல்கலினிட்டி 8 முதல் 9 டிகேஎச் இருக்கட்டும். விதையாக, நன்றாக நடக்கும் பழைய தொட்டியிலிருந்து கோரலைன் படிந்த ஒரு நத்தை வந்தாலே போதும். இது பரவிய இடத்தில் முடிப்பாசி காலூன்றுவது கடினம். ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் டி.டி.எஸ். மீட்டர், நைட்ரேட், பாஸ்பேட் டெஸ்ட் கிட், ஒரு டூத்பிரஷ், இவற்றை வாங்குங்கள். வாரம் ஒரு முறை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எதையாவது மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் பாசி போகவில்லை என்றால், அந்த நோட்டோடு கடைக்கு வாருங்கள். மருந்து தேவையா, தேவையில்லையா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.