சட்டைப் பையில் கிடந்த பொட்டலம்!



இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நாலு சுவருக்குள் இருக்க வேண்டிய விஷயம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அப்படி மூடி மூடி வைத்ததில்தான் என் வீட்டுக்காரர் உயிருக்கே ஆபத்து வந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அவருக்கு 44 வயது. சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஆறு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை உண்டு, அதைச் சாப்பிட மறக்கும் நாட்களும் உண்டு. ஒரு வருஷமாக என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ராத்திரியானால் கடைக் கணக்கு பார்க்கிறேன் என்று ஹாலிலேயே படுத்துவிடுவார். நான் என்ன நினைப்பேன்? ரெண்டு பிள்ளை பெற்ற உடம்பு, என்னைப் பிடிக்காமல் போய்விட்டது போல என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். அவரோ தனக்கு 'ஆண்மைக் குறைவு' வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஒரு நாள் துணி ஊறவைக்க எடுத்தபோது சட்டைப் பையில் பொட்டலம் ஒன்று கிடைத்தது. பழுப்பு நிறப் பொடி. 'நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு கிடையாது, இரவில் பாலில் கலந்து சாப்பிடவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. தயாரித்தவர் விலாசம் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை. மாதம் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியரிடம் வாங்கியிருக்கிறார் என்று புரிந்துவிட்டது. கேட்டால் மனசு கஷ்டப்படுவாரே என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற அசட்டு நம்பிக்கை வேறு.

நாலாம் நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். முகமெல்லாம் சிவந்து, "தலை வெடிக்குது, ட்யூப் லைட் நீலமாத் தெரியுது"ன்னார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நெஞ்சு வலி என்றதும் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை நர்ஸம்மா எடுத்துவிட்டார். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயசுதான் இருக்கும். "வேற ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இவர், "சர்க்கரை மாத்திரை மட்டும்தாங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் மாமியார், கொழுந்தனார் எல்லாரும் நிற்கிறார்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் என்ன தைரியம் வந்ததோ, "டாக்டரம்மா, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூப்பிட்டுப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"சிஸ்டர், அந்த மாத்திரையை வைக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிரஷர் ஏற்கெனவே 90/60-க்கு வந்திருந்தது.

நல்ல வேளையாக மாரடைப்பு இல்லை. ரெண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த டாக்டர் பொறுமையாக எங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மூலிகைப் பொடி எதுவும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் இப்படி வேலை செய்யாதாம். முகம் சிவப்பது, தலைவலி, மூக்கடைப்பு, பார்வை நீலமாகத் தெரிவது எல்லாம் சில்டெனாஃபில் என்ற இங்கிலீஷ் மருந்தின் அடையாளங்கள். இதை முதலில் நெஞ்சு வலிக்குத்தான் சோதித்துப் பார்த்தார்களாம். அதற்குச் சரிவராமல், 1998-ல் ஆண்மைக் குறைவுக்கு மாத்திரையாக வந்தது. 'மூலிகை' என்று விற்கிற பொடியிலும் லேகியத்திலும் இந்த மருந்தை ரகசியமாகக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. எங்கள் பொடியை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை, ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் அதுதான்.

இந்த மருந்தும் ரத்தக் குழாயை விரிக்கும், நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் விரிக்கும். ரெண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிர் போகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் கொடுக்கக் கூடாது. இதே வகையில் டடாலாஃபில் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு 48 மணி நேரம். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்? நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்காக அந்த மாத்திரையே விஷம் என்று அர்த்தமில்லை. இதயத்தைப் பரிசோதித்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று பார்த்து, டாக்டர் அளவு எழுதிக் கொடுத்தால் பலருக்கும் பயமில்லாமல் பயன்படுகிறது. மெடிக்கல் ஷாப்பில் நாமாகக் கேட்டு வாங்குவதுதான் தப்பு. சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவில் படித்த டாக்டர் இருக்கிறார். பூனைக்காலி விதையில் நடுக்குவாதத்துக்குக் கொடுக்கிற லெவோடோபா இருக்கிறது, அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது, ஜாதிக்காய் அதிகமானால் படபடப்பும் சித்தப் பிரமையும் வரும். இதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியும்.

"முருங்கைக்காயாவது போடலாமா?" என்று கேட்டேன். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. 1983-ல் 'முந்தானை முடிச்சு' வந்ததிலிருந்து அந்தக் காய்க்குப் பிடித்த பெயர் அது. தாராளமாகச் சாம்பாரில் போடுங்க, சத்துதான், ஆனா வைத்தியம்னு நம்பாதீங்க என்றார்.

இந்த மாதிரி மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாச்சாம். சுவரிலும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலும் ஒட்டியிருக்கிற நோட்டீசைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

எங்கள் வீட்டில் உண்மையான காரணம் சர்க்கரைதான். மூணு மாத சராசரி 10.2 இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சின்ன ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டு இந்தக் குறை வரும். இதயத்துக் குழாய் அடைக்கப் போகிறது என்பதற்குச் சில வருஷம் முன்னாடியே வருகிற எச்சரிக்கையாகவும் இது இருக்கலாம். சிகரெட், குடி, மனக் கவலை, சில பிரஷர் மாத்திரைகள் இவைகளாலும் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் மறைத்தோமே, அந்த ஒரு வருஷமும் உள்ளே சர்க்கரை அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

இப்போது சராசரி 7.4-க்கு வந்திருக்கிறது. காலையில் ரெண்டு பேருமாக ரயில்வே கேட் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறோம். கடைக் கணக்கைக் கடையிலேயே முடித்துவிட்டு வருகிறார்.

ஆசிரியருக்கு: என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். 'ரெண்டு ஸ்பூன் பொடி' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "ஒரு ஸ்பூன்தான் போட்டேன்"னு சண்டைக்கு வந்தார். தபாலில் சேர்க்க அவரே வாங்கிக்கொண்டு போகிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி