கூட்டம் நிறைந்தும் வங்குரோத்து

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டொட் கோர்டன் என்ற நகை வியாபாரி 1992இல் சிறு மல்யுத்தக் கம்பனியொன்றைத் தொடங்கினார். பழைய பிங்கோ மண்டபத்தில்தான் போட்டி. 1994இல் அதன் பெயர் 'எக்ஸ்ட்ரீம் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங்' ஆனது. மேசை உடையும், கதிரை பறக்கும், இரத்தம் வழியும். எனக்குப் பிடித்த விளையாட்டல்ல. கடைக்காரனான நான் பார்ப்பது கணக்கை.

பின்னர் போல் ஹேமன் உரிமையாளரானார். 1999 ஓகஸ்டில் நாடு முழுவதும் ஒளிபரப்பு. செலவு ஏறியது. பெரிய கம்பனிகளோ கூடிய சம்பளம் காட்டி நல்ல வீரர்களை இழுத்தன. 2000 ஒக்டோபரில் ஒளிபரப்பு நின்றது. 2001 ஏப்ரலில் வங்குரோத்து: சொத்து சுமார் 14 இலட்சம் டொலர், கடன் சுமார் 89 இலட்சம். றொப் வான் டாம் என்ற வீரருக்கு மட்டும் சம்பளப் பாக்கி 150,000 டொலர்! மண்டபம் நிறைந்து என்ன பயன்?

2003இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. அதன் பெயரையும் பழைய வீடியோ நாடாக்களையும் வாங்கிக்கொண்டது.