கரும்பலகை இல்லாத கணக்கு

கணிதம் கற்பிப்பதைப் பற்றிய பாட்காஸ்ட் ஒன்றுக்கு விருந்தினராக அழைக்கப்படும் ஆசிரியர் முதலில் இழப்பது கரும்பலகையை. வகுப்பில் பாதி வேலையை வாய் பார்க்கிறது, மீதியைச் சாக்பீஸ் பார்க்கிறது. "இதை இங்கே கொண்டு போனால் என்ன ஆகும்?" என்ற கேள்வியில் 'இதை'யும் 'இங்கே'யும் பலகையில் இருப்பவை. கேட்பவரோ ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போகிறவராக இருக்கலாம். அடுப்படியில் இருப்பவராகவும் இருக்கலாம். அவர் கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. எனவே பேச வேண்டியதை மனப்பாடம் செய்வது பெரிய தயாரிப்பு ஆகாது. காதால் மட்டும் கேட்டால் எந்தக் கணக்கு விளங்கும் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் தயாரிப்பின் பெரும்பகுதி.

இந்தத் தேடல் தமிழருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூல் முறைவைத்து உரக்க ஒப்பிக்கப்பட்டது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. இவற்றைக் கூட்டவும் பெருக்கவும் பிள்ளைகள் வாயாலும் காதாலும் பழகினார்கள். வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு இந்த நினைவாற்றல் மரபைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதை வெறும் உருப்போடுதல் என்று தள்ளிவிடுவது அவசரம். அளவைகளோடு புழங்கியவர்களுக்கு அந்த ஒலிவரிசையே கணக்கிடும் கருவியாக இருந்தது.

வானொலிக் காலத்தில், காதால் மட்டும் கணக்கைக் கற்பிக்கும் சிக்கலை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்ட இடம் மத்திய அமெரிக்காவின் நிகராகுவா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் சப்பீஸின் குழு, அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்துடன் சேர்ந்து 1974இல் வானொலிக் கணிதத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குத் தினமும் ஏறத்தாழ அரைமணி நேரப் பாடம். ஒலிபரப்பாளர் தொடர்ந்து பேசிக்கொண்டே போகவில்லை. கேள்வி கேட்பார், நிறுத்துவார், வகுப்பே சேர்ந்து விடை சொல்லும், பிறகு சரியான விடை வானொலியில் வரும். எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது முன்பே திட்டமிடப்பட்டு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. சோதித்துப் பார்த்தபோது, வானொலி கேட்ட வகுப்புகள் கேட்காத வகுப்புகளைவிடத் தெளிவாக முன்னே நின்றன. இன்று பாட்காஸ்டில் பேசப்போகும் ஆசிரியருக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி அமைவது கடினம்.

பாட்காஸ்ட் வானொலிப் பாடம் அல்ல என்பதும் உண்மை. அது பெரும்பாலும் உரையாடல். இங்கிலாந்தில் கணித ஆசிரியர் கிரெய்க் பார்டன் நடத்தும் பாட்காஸ்டில் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். கேட்பவர்களில் பலரும் ஆசிரியர்களே. பெற்றோருக்காக நடத்தப்படும் நிகழ்ச்சியில் அந்தப் பேச்சு எடுபடாது. அழைப்பை ஏற்றுக்கொண்டதும் அதே நிகழ்ச்சியின் பழைய பகுதிகளில் இரண்டு மூன்றைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பவர் யார், எவ்வளவு நேரம், நடத்துபவர் குறுக்கே கேள்வி கேட்பாரா, விட்டுப் பிடிப்பாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்வதில் தவறில்லை.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் உள்ள விருதுநகர் மாவட்டத்து ஆசிரியருக்கு ஒரு கேள்வி நிச்சயம் காத்திருக்கும். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் அது. "எப்படி சார் சென்டம் எடுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டால், மாதிரித் தேர்வு, காலைச் சிறப்பு வகுப்பு, முக்கிய வினாக்கள் என்று பேச்சு அந்தப் பக்கமே போய்விடும். அதற்கு இரண்டு நிமிட விடை போதும். கணக்கு எப்படிப் புரிகிறது, எங்கே புரியாமல் போகிறது என்ற இடத்துக்குப் பேச்சைத் திருப்பும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு கையில் இருந்தால் பேட்டி பிழைக்கும்.

எடுத்துக்காட்டுகளுக்கு இந்த இரண்டு ஊர்களிலும் பஞ்சமில்லை. ராஜபாளையம் நூற்பாலை ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பேர்போனது. ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு '40ஆம் நம்பர் நூல்' என்ற பேச்சு பழக்கமானது. அந்த நம்பர் எதைக் குறிக்கிறது? 840 கெஜம் நீளமுள்ள நூலை ஒரு சிட்டம் என்று வைத்தால், ஒரு ராத்தல் எடையில், அதாவது ஏறத்தாழ 454 கிராமில், எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். 40ஆம் நம்பர் என்றால் ஒரு ராத்தலில் 40 சிட்டம். 84ஐ நாலால் பெருக்கினால் 336. இரண்டு சுழியைச் சேர்த்தால் 33,600 கெஜம். மீட்டரில் மாற்றினால் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். ஒரு ராத்தல் நூலைப் பிரித்துக்கொண்டே போனால் அங்கே போய்த் திரும்பி வந்த பிறகும் கையில் மிச்சம் இருக்கும். 20ஆம் நம்பர் நூலாக இருந்தால் நீளம் பாதி. போகலாம், திரும்பி வருவதற்குள் தீர்ந்துவிடும். 100ஆம் நம்பர் என்றால் ஏறத்தாழ 77 கிலோமீட்டர். மதுரைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். எடை அதே ஒரு ராத்தல். நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது என்பதை இதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிப் புத்தகத்தில் நேர் விகிதம், எதிர் விகிதம் என்று வருவது இதுதான். ஒவ்வொரு படியிலும் கேட்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டு அல்லது மூன்று. அதனால்தான் இது காதுக்கு ஏற்ற கணக்காகிறது. ஒரே நேரத்தில் மனித மனம் ஏந்தக்கூடிய புதிய செய்திகள் நாலைத் தாண்டுவது அரிது என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதிய கட்டுரை சொல்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்துக்குள் விழுக்காட்டுக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். 10 கிலோ பாலைச் சர்க்கரை சேர்க்காமல் சுண்டக் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் 74 விழுக்காடாக இறங்கும்போது வாணலியில் எத்தனை கிலோ இருக்கும்? 13 விழுக்காடுதானே குறைந்தது, எட்டேமுக்கால் கிலோ இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். விடை 5 கிலோ. ஆவியாகாத சத்து தொடக்கத்திலும் முடிவிலும் 1.3 கிலோதான். முதலில் அது மொத்தத்தில் 13 விழுக்காடு, இப்போது 26. பங்கு இரட்டித்திருக்கிறது என்றால் மொத்தம் பாதியாகியிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது விடையை உடனே உடைத்துவிடக் கூடாது. கேட்பவர் தப்பாக ஊகிப்பதற்கு இடம் கொடுத்தால்தான் அடுத்த விளக்கம் உள்ளே இறங்கும்.

ஆண்டாள் கோயில் இராஜகோபுரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கும் கணக்கும் உண்டு. புத்தகத்தில் அது 'முக்கோணம் ஏபிசி, முக்கோணம் பிக்யூஆர்' என்று தொடங்கும். காதில் ஆறு எழுத்துகள் விழுந்த மாத்திரத்தில் பாதிப் பேர் இறங்கிக்கொள்வார்கள். "6 அடிக் கம்பின் நிழல் 4 அடி, அதே நேரத்தில் கோபுர நிழல் 128 அடி" என்றால் போதும். நிழலின் ஒன்றரை மடங்கு உயரம் என்று கம்பு சொல்லிவிட்டது. ஆகவே கோபுரம் 192 அடி. பதினொரு நிலைக் கோபுரத்தை நேரில் பார்த்தவருக்குப் படம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. பார்க்காதவருக்கு ஒரு தென்னை மரத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் குறியீடுகளை உச்சரிப்பதில் வருகிறது. "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று" என்று மூச்சு விடாமல் சொன்னால், இரண்டால் பெருக்கப்படுவது எக்ஸ் மட்டுமா, கூட்டிய முழுத்தொகையா என்று காதுக்குத் தெரியாது. பலகையில் ஒரு அடைப்புக்குறி இதைத் தீர்த்துவிடும். பேச்சில் "எக்ஸோடு மூன்றைக் கூட்டு, வந்ததை இரண்டால் பெருக்கு" என்று செயலாகச் சொன்னால் குழப்பம் இல்லை. இதே சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர்கள் பார்வையற்ற கணித அறிஞர்கள். கணிதத்துக்கெனப் பிரெயில் முறை வகுத்த அமெரிக்கர் ஆபிரகாம் நெமத், சமன்பாடுகளை ஐயமின்றி வாய்விட்டு வாசிப்பதற்கும் விதிகள் அமைத்தார். பதினான்கு வயதில் பார்வையை இழந்து, பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்ற டி.வி. ராமன், கணித நூல்களைக் கணினி வாசித்துக் காட்டும் 'ஆஸ்டர்' என்ற அமைப்பை உருவாக்கினார். அடுக்கெண் வந்தால் குரலின் சுருதி ஏறும். கீழெழுத்து வந்தால் இறங்கும். பேட்டிக்குப் போகிற ஆசிரியர் சுருதி மாற்றிப் பாட வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒரு நொடி நிறுத்தினாலே அடைப்புக்குறியின் வேலை பாதி நடந்துவிடும்.

தசமங்களில் உச்சரிப்பே பிழையை வளர்க்கிறது. 0.35ஐ 'புள்ளி முப்பத்தைந்து' என்றும் 0.5ஐ 'புள்ளி ஐந்து' என்றும் கேட்கும் பிள்ளை, முப்பத்தைந்து பெரிது என்று முடிவு செய்வதில் வியப்பில்லை. 'புள்ளி மூன்று ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதே முறை. கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

இத்தகைய பிழைகள்தான் விருந்தினரின் உண்மையான கைச்சரக்கு. கணக்கை ஆர்வமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பயத்தைப் போக்க வேண்டும் என்ற பேச்சை எல்லா நிகழ்ச்சியிலும் கேட்கலாம். அதில் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கோடு நாலில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னால் ஒரு பிள்ளை ஏழில் மூன்று என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறது. முதல் பங்கே பாதிக்கு மேல். அதோடு ஒன்றைச் சேர்த்த பிறகு பாதிக்கும் குறைவாக விடை வருமா என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கிறார். இதை விவரித்தால் கேட்கும் இன்னொரு ஆசிரியர் மறுநாள் தன் வகுப்பில் செய்து பார்ப்பார். பல ஆண்டுகளாகத் திருத்திய தாள்களிலிருந்து இப்படி நான்கைந்து பிழைகளை எழுதி வைத்துக்கொள்வது போதுமானது. பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லக் கூடாது. சின்ன ஊரில் வகுப்பைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

மௌனத்துக்கும் தயாராக வேண்டும். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர் விடைகள் நீளுகின்றன என்றும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் காட்டினார். ஒலிப்பதிவில் மூன்று நொடி யுகம்போலத் தோன்றும். தொகுப்பு மென்பொருள்கள் சில அதைத் தானாகவே வெட்டியும் விடும். "இந்த இடைவெளியை விட்டுவிடுங்கள்" என்று நடத்துபவரிடம் முன்பே சொல்லி வைப்பது உதவும்.

குறிப்புகள் ஒரே தாளில் அடங்க வேண்டும். முழு வாக்கியமாக எழுதினால் அதை வாசிக்கத் தோன்றும், வாசித்தால் கேட்பவருக்கு உடனே தெரியும். எண்களும் ஆண்டுகளும் கணக்கின் படிகளும் மட்டும் தாளில் இருந்தால் போதும். கோடை பண்பலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு மைக்கைக் கண்டதும் அறிவிப்பாளர் குரல் வந்துவிடுவதுண்டு. வகுப்பில் பேசும் பேச்சே இங்கே நன்றாக இருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். எனவே தலைமையாசிரியரிடம் தெரிவித்து, அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, கற்பித்தலை விட்டு வெளியே போகாமல் பேசுவது பாதுகாப்பு.

பதிவு வீட்டிலேயே நடந்தால் அறையைக் கவனிக்க வேண்டும். வெறும் சுவரும் சிமெண்ட் தரையும் எதிரொலிக்கும். மெத்தை, துணி நிறைந்த அலமாரி உள்ள சிறிய அறை நல்லது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், வேறு வழியில்லை. விசைத்தறி ஓடும் தெருவிலும், கல்யாண சீசனில் ஒலிபெருக்கி கட்டிய தெருவிலும் விடியற்காலையே உகந்த நேரம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப' ஒலியின் காற்று அதில் மோதாது. பேசுவதற்கு முன் தண்ணீர் போதும். பால்கோவா வாயில் ஒட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இணையம் வழியாகப் பேசினாலும் தன் குரலைத் தன் கருவியிலேயே தனியாகப் பதிந்து அனுப்பினால் தரம் கூடும். பதிவுக் கருவியில் வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்று ஓர் அமைப்பு இருக்கும். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் ஒலியை முழுதாக மீட்க அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் வழங்கும் தேற்றம். நடத்துபவர் எதையாவது கேட்கத் திணறினால் இதையே ஒரு கணக்காகச் சொல்லலாம்.

பதிவு முடிந்த பிறகும் சிறிது வேலை பாக்கி இருக்கிறது. பேச்சுவாக்கில் எண்கள் இடம் மாறுவது சகஜம்; 840 என்பது 480 ஆகிவிட்டால் நூல் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். வெளியிடும் முன் ஒருமுறை கேட்கத் தரச் சொல்லி, பிழையான வரியை மட்டும் மீண்டும் பேசி அனுப்பலாம். பேசிய கணக்குகளை ஒரு பக்கத்தில் எழுதிப் படமெடுத்துக் கொடுத்தால், நிகழ்ச்சிக் குறிப்போடு சேர்த்து வெளியிடுவார்கள். பேருந்திலிருந்து இறங்கியவர் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.