சத்தமில்லாத சென்சார்: தரை காய்ந்திருக்கிறதா, சென்சார் செத்துவிட்டதா?

பள்ளி விடுமுறை தொடங்கப்போகிறது. பல வீடுகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை நீர்க்கசிவு சென்சாரைப் பற்றியவை. சிலர் வீட்டில் அது சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமலே நள்ளிரவில் அலறுகிறது. சிலர் வீட்டில் வாஷிங் மெஷின் குழாய் கழன்று தரையெல்லாம் வெள்ளமானபோதும் வாய் திறக்கவில்லை. கெட்டதைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கி வைத்தவர்களின் குழப்பம் வேறு: ஆப்பில் புது சென்சார் சமர்த்தாகத் தெரிகிறது, தண்ணீர் ஊற்றினால் ‘ஈரம்’ என்றும் காட்டுகிறது, கசிவு என்றால் தானாக மூட வேண்டிய மெயின் வால்வு மட்டும் மூட மறுக்கிறது.

அலறும் ரகத்தைப் பெரும்பாலும் மாற்றவே வேண்டாம். சென்சாரின் அடியில் உள்ள உலோகப் புள்ளிகளுக்கு இடையே தண்ணீர் வழியாக மின்சாரம் கடந்தால், அதற்கு அது கசிவு. போர் தண்ணீர் புழங்கும் வீட்டில், தண்ணீர் காய்ந்த பிறகும் அந்த இடத்தில் உப்பு பூத்திருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பே போதும். பழைய டூத்பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். புள்ளிகள் பச்சை பூத்தோ கறுத்தோ அரித்துப்போயிருந்தால் மட்டும் மாற்றுங்கள். பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் ஐபி67 இங்கே உதவாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் சென்சாருக்கு உள்ளே தண்ணீர் போகாது என்பதற்கான குறியீடு அது. வீட்டைப் பற்றி அது எந்த உத்தரவாதமும் தரவில்லை.

என்னை உறுத்துவது வாய் திறக்காத ரகம்தான்.

இந்தச் சின்ன வட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு பட்டன் செல். ரேடியோவை எந்நேரமும் விழிக்க வைத்தால் அந்த செல் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். ஆகவே சென்சார் தூங்குகிறது. தண்ணீர் பட்டால் விழித்துச் செய்தி அனுப்பும். இல்லாவிட்டால் அவ்வப்போது ஒருமுறை எழுந்து, ‘இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். சென்சார்களின் செய்திகளை வாங்கும் மையப் பெட்டியான ஹப், இடையில் அதைத் தட்டி எழுப்ப முடியாது. சென்சார் கடைசியாகச் சொன்ன ‘காய்ந்திருக்கிறது’ என்ற சொல்லைத்தான் ஹப் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. சென்சார் செத்த பிறகும் திரையில் இருப்பது அதே சொல், அதே பச்சை நிறம். இரவில் தெருவைச் சுற்றும் கூர்க்காவின் விசில் திருடனைப் பிடிப்பதில்லை. ஆள் தூங்கவில்லை என்று நமக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். சென்சாரின் ‘இருக்கிறேன்’ செய்தியும் அந்த விசில்தான். அது நின்றுபோனதை யாராவது கவனித்தால்தான் அதற்கு மதிப்பு.

யார் கவனிக்கிறார்கள்? ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் வீட்டு மென்பொருளை வைத்திருப்பவர்கள், ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் பேசும் சென்சார்களை இணைக்கப் பரவலாகப் பயன்படுத்தும் வழிகள் இரண்டு: இசட்எச்ஏ, ஜிக்பீ2எம்க்யூடிடி. இசட்எச்ஏ, பேட்டரி சாதனத்திடமிருந்து 6 மணி நேரம் பேச்சே இல்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்று குறிக்கும். ஜிக்பீ2எம்க்யூடிடி-யில் அந்தக் கண்காணிப்பை முதலில் நாம்தான் இயக்கிவிட வேண்டும். இயக்கினாலும் தூங்கும் சாதனங்களுக்கு அது தரும் கெடு 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் குழாய் ஆயிரம் லிட்டர் டேங்கைக் காலி செய்ய 100 நிமிடம் போதும். ஆக, சென்சார் செத்த அன்றே குழாயும் உடைந்தால் எந்தக் கெடுவும் காப்பாற்றாது. இரண்டும் ஒரே நாளில் நடப்பது அபூர்வம். சென்சார் போன மாதமே செத்திருக்க, குழாய் இந்த மாதம் உடைவதுதான் வழக்கமான கதை. அதைத் தடுக்க 25 மணி நேரக் கெடுகூடத் தாராளமாகப் போதும். கண்காணிப்பை இயக்கி, ‘கிடைக்கவில்லை’ என்றானால் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு ஆட்டோமேஷனும் எழுதிவையுங்கள். கம்பெனியின் ஆப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள், செல்லைக் கழற்றி வைத்துவிட்டு ஆப் எப்போது முகம் சுளிக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாளாகியும் பச்சையே காட்டினால், அந்தப் பச்சைக்கு என்ன மரியாதை என்று புரிந்துவிடும்.

‘பேட்டரி 100%’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சென்சார்கள் மின்னழுத்தத்தை அளந்துதான் அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுகின்றன. சிஆர்2032 போன்ற லித்தியம் செல், ஆயுளின் பெரும்பகுதியை 3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே கழித்துவிட்டுக் கடைசியில் சடாரென்று விழும். பழைய செல்லுக்கு உள்மின்தடை கூடியிருக்கும். சும்மா கிடக்கும்போது தெம்பாகத் தெரியும். ரேடியோ செய்தி அனுப்ப மின்சாரம் இழுக்கும் நொடியில் அழுத்தம் சரிந்து சில்லு மயங்கிவிடும். கத்த வேண்டிய நேரம் பார்த்துத் தொண்டை அடைப்பது இப்படித்தான். ‘5 ஆண்டு பேட்டரி’ என்ற விளம்பரக் கணக்கு, சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் சென்சார் நிம்மதியாகத் தூங்குவதாக வைத்துப் போட்டது. ஸ்டீல் சிங்குக்கு அடியில் சிக்னல் தேடி அல்லாடும் சென்சாருக்கு அது பொருந்தாது.

இப்போது, புதிது வாங்கியும் வால்வு மூடாத வீடுகள். ஒவ்வொரு ஜிக்பீ சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே 64 பிட் நீளத்தில் ஒரு முகவரி எழுதப்பட்டுவிடுகிறது. அதே கம்பெனி, அதே மாடல் என்றாலும் ஹப்புக்குப் புதியது வேறு ஆள். ‘கசிவு வந்தால் வால்வை மூடு’ என்ற ஆட்டோமேஷனோ இன்னும் பழையவரின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ‘பழையது பட்டியலில் கிடக்கட்டுமே’ என்று விட்டால் இன்னும் மோசம். நீக்கியிருந்தால் சில ஆட்டோமேஷன்களையாவது பழுதாகிவிட்டதென்று ஹோம் அசிஸ்டன்ட்டே காட்டிக்கொடுக்கும். நீக்காதவரை புகாரே இருக்காது. எனவே முதலில் பழையதை நீக்குங்கள். அப்புறம் புதியதை இணைத்து, அதன் என்டிட்டி ஐடியைப் பழைய ஐடிக்கே மாற்றுங்கள். அந்த ஐடியை வைத்து எழுதிய ஆட்டோமேஷன்கள் தாமாகவே வேலை செய்யும். பட்டியலில் ‘டிவைஸ்’ என்று தேர்ந்தெடுத்து எழுதியவை, அதற்குப் பின்னால் இருக்கும் வேறொரு அடையாளத்தைப் பிடித்திருப்பதால், ஒவ்வொன்றையும் திறந்து புதியதைத் தேர்வு செய்ய வேண்டும். ஜிக்பீக்குப் போட்டியான ரேடியோ முறை இசட்-வேவ் இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது: செத்த சாதனத்தின் எண்ணையே புதியவருக்குக் கொடுக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் பழையது உண்மையிலேயே செத்துவிட்டது என்று அது நம்ப வேண்டும், ஆகவே முதலில் செல்லைக் கழற்றிவிடுங்கள்.

மற்றக் கேள்விகள்:

எங்கே வைத்து இணைப்பது? ஹப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், சென்சார் நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே.

எந்தத் தண்ணீரில் சோதிப்பது? அங்கே கசியக்கூடிய தண்ணீரில். ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பு மிகக் குறைவு, குழாய்த் தண்ணீருக்கு அலறும் சென்சார் அதற்குத் தயங்கலாம்.

சோதனை எப்போது முடிந்ததாகக் கொள்ளலாம்? வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் இருக்கும் போனுக்குச் செய்தி வந்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் வராதபோது.

கரண்ட் போனால்? ஹப், ரூட்டர், வால்வு மூன்றில் எது இன்வெர்ட்டரில் இல்லாவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். சிக்னலைக் கடத்தித் தரும் ஸ்மார்ட் பிளக்குகளுக்கும் இதே கதிதான்.

புது செல் போட்டும் வேலை செய்யவில்லையே? குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் சில சாதனங்களில் சரியாகத் தொடுவதில்லை. பூச்சில்லாததைப் போட்டுப் பாருங்கள்.

பழைய செல்லை என்ன செய்வது? இரு பக்கமும் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.