சாவு குறைஞ்சது டி.டி.டி. அடிச்சதாலயா?

நம்ம லயத்துப் பெரியவங்க மலேரியாக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1934-35-ல் வந்த பெருங்காய்ச்சலில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து, ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகியது. நமக்குப் பக்கத்துக் கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது.

உலக யுத்தம் முடிந்த கையோடு வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.டி. மருந்தடித்தார்கள். 1946-ல் ஆயிரம் பேருக்குச் சுமார் 20 ஆக இருந்த சாவு, 1947-ல் சுமார் 14 ஆனது. ஒரே வருஷத்தில்! எல்லாம் டி.டி.டி. செய்த வேலை என்று வெளிநாடுகளிலும் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அதே காலத்தில் யுத்தகாலச் சாப்பாட்டுக் கஷ்டம் தளர்ந்தது, ஆஸ்பத்திரிகள் கூடின, புது மருந்துகள் வந்தன. மருந்தடிக்காமல் இருந்திருந்தால் 1947-ல் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது.

அதனால் ஆய்வாளர்கள் மாவட்டங்களை ஒப்பிட்டார்கள். பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று எடுத்த கணக்கு இருந்தது. எந்த மாவட்டத்தில் மலேரியா கூட, எதில் குறைவு என்று அது காட்டியது. பார்த்தால், மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் சாவு குறைந்துதான் இருந்தது! மலேரியா மிகுந்த இடங்களில் அதற்கு மேல் எவ்வளவு குறைந்ததோ, அதைத்தான் மருந்தின் கணக்கில் எழுதலாம். யுத்தத்துக்குப் பிந்திய குறைவில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்பால் வந்தது என்றார் நியூமன். 1974-ல் கிரே போட்ட கணக்கில் அது 23 தான். கணக்குப் போடும் முறை மாறினால் விடையும் மாறும். 23 என்றாலும் சின்ன விஷயமா? எத்தனை உயிர்!

இப்போது எலிக்காய்ச்சலுக்கு வருவோம். குருவிட்டப் பக்கம் வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குகிற ஆட்களுக்குத்தான் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். "மாத்திரை போட்டவனுக்குத்தானே காய்ச்சல் வந்துச்சு, வீட்டுல இருந்தவனுக்கு வரலியே" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பாதீர்கள். சேற்றில் நிற்பவரையும் வீட்டில் இருப்பவரையும் ஒப்பிட்டால் மாத்திரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழியில் இறங்குகிறவர்களிலேயே போட்டவர் யார், போடாதவர் யார் என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: மாத்திரையை ஒழுங்காகப் போடுகிற ஆள், கால் காயத்தையும் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்.