பழிக்கும் பங்கு பிரிப்போம்!

பொறுப்புணர்வு மனிதனுக்கு அழகு. பிழை செய்தவர் வருந்துவதும், இயன்றவரை அதற்கு ஈடுசெய்ய முனைவதும் சமூகம் நிலைபெறுவதற்கான அடிப்படைகள். தன் தீர்ப்பு தவறு என்று உணர்ந்ததும் பழியை ஏவலர் மீது போடாமல் தானே ஏற்ற பாண்டியன் நெடுஞ்செழியன் இன்றும் போற்றப்படுவது அதனால்தான். அங்கே பிழையும் அவனுடையது, அதிகாரமும் அவனுடையது.

ஆனால், தன் கையில் இல்லாத நிகழ்வுக்கும் ஒருவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது வேறு வகை. எரிவாயு அடுப்பை அணைத்த பிறகும் பத்து முறை எழுந்துசென்று பார்ப்பவரைக் கவனமானவர் என்று பாராட்டுகிறோம். உண்மையில், 'தீப்பற்றினால் நான் ஒருவனே பொறுப்பு' என்ற அச்சம் அவரை உறங்கவிடாமல் வதைத்துக் கொண்டிருக்கலாம்.

இந்தச் சுமையை அளக்க முடியுமா? முடியும் என்கிறது உளவியல். மனச்சோர்வின் தீவிரத்தை அறிய மேக்ஸ் ஹாமில்டன் 1960-இல் வெளியிட்ட அளவுகோலில், குற்ற உணர்வுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, மிகைப்பட்ட பொறுப்புணர்வு முக்கியக் காரணி என்று பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சல்கோவ்ஸ்கிஸ் 1985-இல் விளக்கினார். மனதில் தோன்றும் எண்ணம் நோயன்று. 'இதனால் விளையும் தீங்குக்கு நானே பொறுப்பு' என்று அதற்குக் கொடுக்கும் பொருளே நோயை வளர்க்கிறது என்பது அவரது கருத்து.

அவரும் சகாக்களும் 2000-இல் இரு வினாப்பட்டியல்களை வெளியிட்டனர். ஒன்றில் 26 கூற்றுகள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்பதை ஏழு படிகளில் குறிக்க வேண்டும். மற்றொன்று, அண்மை இரு வாரங்களில் மனதை அலைக்கழித்த எண்ணங்களைப் பற்றியது. எண்ணச் சுழற்சி நோயாளிகள், வேறு பதற்ற நோய் உடையவர்களைவிடவும் நோயற்றவர்களைவிடவும் அதிக மதிப்பெண் பெற்றனர்.

அளவீட்டுடனேயே பணிக்காலத்தைக் கழித்த பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். இந்த எண்கள் தராசு காட்டும் எடை போன்றவை அல்ல, மாடிப்படி போன்றவை. எந்தப் படி மேலே, எந்தப் படி கீழே என்று சொல்லலாம். படிகள் சம உயரம் கொண்டவை என்று சொல்ல முடியாது. 140 பெற்றவர் 70 பெற்றவரைவிட இரு மடங்கு குற்ற உணர்வு கொண்டவர் என்பது பொருளற்ற கணக்கு. மதிப்பெண் என்பது மருத்துவருடனான உரையாடலின் தொடக்கம், தீர்ப்பு அன்று.

இன்னொன்று, பண்பாடு. குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் மூத்த மகனையும், யார் நோயுற்றாலும் தன்னையே நொந்துகொள்ளும் தாயையும் போற்றும் சமூகம் நம்முடையது. மதுரை மருத்துவக் கல்லூரியின் ஏ. வெங்கோபராவ், இந்தியப் பண்பாட்டில் மனச்சோர்வும் குற்ற உணர்வும் குறித்து 1973-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். கடமையுணர்வு எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதை அயல்நாட்டு வினாப்பட்டியலின் மொழிபெயர்ப்பு மட்டும் காட்டிவிடாது.

நான் வசிக்கும் கள்ளிக்குப்பத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது, பாடி, அம்பத்தூர் வட்டாரத்தின் உதிரிபாகத் தொழில் முடங்கியது. வேலையில்லா நாள்கள் அறிவிக்கப்பட்டன. மிகைநேர ஊதியத்தை நம்பிக் கடன் வாங்கியிருந்த லேத் தொழிலாளி ஒருவர், 'என் புத்திகெட்டதனத்தால் பிள்ளைகளின் படிப்பு கெட்டது' என்று என்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறார். அவர் பேச்சில் வேறு எந்தக் காரணத்துக்கும் இடமே இல்லை.

அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒரு வட்டம் வரைந்து, நடந்த துன்பத்துக்கான காரணங்களை எல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். தன் பங்கைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்பதே இதன் நுட்பம். அத்தொழிலாளியின் வட்டத்தில் 2018-இல் தொடங்கிய வங்கிசாரா நிதி நிறுவனங்களின் நெருக்கடி, அதே ஆண்டு வந்த நீண்டகால வாகனக் காப்பீட்டு விதி, 2020 ஏப்ரலில் அமலான பிஎஸ்-6 மாற்றத்துக்கு முந்தைய தயக்கம், ஆலையின் உற்பத்திக் குறைப்பு ஆகியவை முதலில் இடம்பெறும். அவர் வாங்கிய கடனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால், அது முழு வட்டம் அன்று.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கான வழி அன்று இது. தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்தவரால்தான் அதைத் திருத்த முடியும். எல்லாமே தன் பிழை என்று நினைப்பவர் எதைத் திருத்துவார்?

நம் நாட்டில் 2015-16-இல் நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. மனதின் சுமையைச் சொல்வதே தவறு என்ற கூச்சமும் இதற்கு ஒரு காரணம். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் 'டெலி மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

'எல்லாம் என்னால்தான்' என்று வீட்டில் ஒருவர் ஓயாமல் சொன்னால், 'அப்படியெல்லாம் இல்லை' என்று கடந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, வேறு யார், வேறு எது காரணம் என்று கேளுங்கள். இலாபத்தைப் பங்கு பிரிக்கத் தெரிந்த நமக்கு, பழியையும் நியாயமாகப் பங்கு பிரிக்கத் தெரிய வேண்டும்.